புதினா கொஞ்சம் தூக்கல்

வாள் மிஷின் நின்றதும் மரவாடிக்குள் ஒரு அமைதி வந்து உட்காரும். அந்த அமைதிதான் கோமதிநாயகத்துக்கு ஆகாது. காலையிலிருந்து காதைப் பிய்த்துக்கொண்டிருந்த சத்தம் ஓய்ந்த மறு நிமிஷமே மண்டைக்குள் கிடக்கிற சத்தமெல்லாம் தலையை நீட்டும். பில் போடுகிற மேசை மேல், கால்குலேட்டருக்குப் பக்கத்தில், பெண்டாட்டி ஆவுடைச்செல்வி கொடுத்துவிட்ட சாப்பாட்டு டப்பா இருந்தது. பச்சை மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா. கல்யாணமான நாளிலிருந்து எவர்சில்வர் தூக்கில் சோறு கொடுத்துவிட்டவள், போன மழைக்காலத்தில் திடீரென்று இதை வாங்கிவந்தாள். தூக்கு ஒழுகுது என்றாள். ஒழுகத்தான் செய்தது, அவன் பையில் சாம்பார்க் கறை இன்னும் இருக்கிறது. இருந்தாலும் தென்காசிக் கடைத்தெருவில் வேறு தூக்கே விற்கவில்லையா? சூடான சோற்றை பிளாஸ்டிக்கில் அடைத்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியாது, பாவம், அவளுக்கு எங்கே தெரியப்போகிறது. தெரியாது என்று எப்படிச் சொல்ல முடியும்? அவளும்தான் போன் வைத்திருக்கிறாள். அவளும்தான் அடுப்பங்கரையில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு எதையெதையோ பார்க்கிறாள், அவன் உள்ளே போனால் கவிழ்த்து வைக்கிறாள். பிளாஸ்டிக்கிலிருந்து ஏதோ ஒன்று சோற்றில் இறங்கி, சோற்றிலிருந்து ரத்தத்தில் இறங்கி, ஆம்பிளையை ஆம்பிளையாக வைத்திருக்கிற சரக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காலி பண்ணிவிடும் என்று போனில் வருகிற தாடிக்காரன் சொன்னதை அவளும் கேட்டிருக்கலாம் அல்லவா. கேட்டுவிட்டே வாங்கியிருக்கலாம் அல்லவா. சேச்சே, என்ன நினைப்பு இது. நினைப்பு வந்த பிறகு சேச்சே சொல்லி என்ன பிரயோசனம், வந்தது வந்ததுதான்.

மற்ற நாளாக இருந்தால் இந்நேரம் டப்பா கைமாறியிருக்கும். லோடு இறக்குகிற மாடக்கண்ணு தேக்கு அடுக்குக்குப் பின்னால் வந்து நின்று, "இன்னைக்கும் வயிறு சரியில்லையா சார்" என்று நமட்டுச் சிரிப்போடு வாங்கிக்கொண்டு போவான். வழித்துத் தின்றுவிட்டுக் கழுவித் திருப்பித் தந்துவிடுவான். சாயங்காலம் காலி டப்பாவைப் பார்த்து ஆவுடைக்கும் திருப்தி, யாருக்கும் நஷ்டமில்லை. இன்றைக்கு என்று பார்த்து மாடக்கண்ணுவின் மாமனார் தவறிப்போனார். டப்பா அங்கேயே உட்கார்ந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. புதினா சாதம். காலையில் வாசலில் வைத்து, அவன் முகத்தைப் பார்க்காமல், செருப்பு வாரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், "புதினா சாதம் வச்சிருக்கேன்." மூடிக்கு மேலே குனிந்தான். வாசம் அடிக்கத்தான் செய்தது. மூடியைத் தாண்டி, ரப்பர் வளையத்தைத் தாண்டி, கம்மென்று மூக்கில் ஏறியது. அத்தனை புதினா. புதினாவும் ஆம்பிளைச் சரக்கைக் குறைக்கும் என்பான் தாடிக்காரன். ஒரு ஆளை அடக்கிப்போட இத்தனை புதினா எதற்கு? அவன் தான் வாங்கிவந்த இலைப் பொட்டலத்தைப் பிரித்து அவித்த முட்டையை உரித்தான். மஞ்சளோடு தின்ன வேண்டும், மஞ்சளில்தான் விஷயமே இருக்கிறது. முட்டை, பூசணி விதை, பச்சை வெங்காயம், தேங்காய்ச் சில்லு. எதிரே மரக்கட்டையைப் போட்டு உட்கார்ந்திருந்த தாவீது அண்ணாச்சி, வாள் மிஷின் ஓட்டுகிறவர், அவன் இலையை எட்டிப் பார்த்தார். "என்னடே நாயகம், முட்டைக்கடை வைக்கப் போறியா? வீட்ல சோறு தரலயா?" என்றார். "தந்திருக்கா அண்ணாச்சி. வயிறு ஒரு மாதிரி இருக்கு." "வயிறு சரியில்லாதவன் திங்கிற தீனியாடே இது," என்று சொல்லிவிட்டு அவர் தன் தயிர்ச்சோற்றில் புதினாத் துவையலை உருட்டி வைத்துத் தின்றார். அறுபதை நெருங்குகிறார். அஞ்சு பிள்ளைகள். காதோரம் மயிர் அடர்ந்து கிடக்கிறது. குரல் வாள் மிஷினையும் அமுக்கும். காலங்காலமாகத் துவையல் தின்கிற மனுஷன். அப்படியானால் தாடிக்காரன் சொல்வது பொய்யா? பொய்யாக இருக்காது, அண்ணாச்சி உடம்பு அந்தக் காலத்து உடம்பு. அந்தக் காலத்துப் புதினாவும் வேறு புதினாவாக இருக்கும். இப்படித்தான், ஒன்றைப் பொய் என்று ஒத்துக்கொண்டால் எல்லாவற்றையும் ஒத்துக்கொள்ள வேண்டி வரும் என்று அவன் ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் கண்டுபிடித்து வைத்திருந்தான்.

தாடிக்காரன் சட்டை போட மாட்டான். காருக்குள் உட்கார்ந்துகொண்டு பேசுவான், மொட்டை வெயிலில் மாடியில் நின்று பேசுவான். புரோ, உங்க லெவல் இறங்கிட்டிருக்கு புரோ, உங்களுக்கே தெரியாம இறங்கிட்டிருக்கு. என்ன லெவல் என்று நாயகத்துக்கு முதலில் புரியவில்லை. தண்ணீர்த் தொட்டியில்தான் லெவல் பார்த்திருக்கிறான். பிறகு புரிந்தது. டெஸ்டோஸ்டிரோன். வாயில் நுழையாத அந்தச் சொல் மண்டைக்குள் நுழைந்து பாய் விரித்துப் படுத்துக்கொண்டது. சோர்வா இருக்கா புரோ? இருக்கு. தொப்பை இருக்கா? இருக்கு. முதலாளி திட்டினா திருப்பிப் பேச வரலையா? எந்தக் காலத்தில் வந்தது. வீட்ல மரியாதை குறையுதா? அந்தக் கேள்வியில்தான் நாயகம் போனை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்தான். ஏனென்றால் அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் அது நடந்தது, அல்லது நடக்காமல் போனது. ஒரே ஒரு தடவை. அலைச்சல், வருஷக் கணக்கு முடிக்கிற நேரம், எவனுக்கும் வரக்கூடியதுதான். அவள் திரும்பிப் படுத்துக்கொண்டு சொன்னாள், "பரவால்ல." அவ்வளவுதான் சொன்னாள். அந்தப் பரவால்லயை அவன் எத்தனை தடவை எடுத்து எடுத்துப் பார்த்திருப்பான். எந்தப் பரவால்ல அது? பிள்ளை கண்ணாடி டம்ளரை உடைத்தால் சொல்கிற பரவால்லயா, கடைக்காரன் மீதி சில்லறை இல்லை என்றால் சொல்கிற பரவால்லயா? அலுத்துப்போய்ச் சொன்னாளா, எதிர்பார்த்ததுதான் என்று சொன்னாளா? கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. ஒரு பொம்பளை பரவால்லன்னு சொன்னா எச்சரிக்கையா இருங்க புரோ என்று தாடிக்காரன் சொல்லவில்லை, ஆனால் அவன் சொன்ன மாதிரியேதான் நாயகத்துக்கு ஞாபகம். தாடிக்காரன் அந்தக் கேள்வியைக் கேட்ட மறுநாள்தான், லெவலை ஏற்றும் என்று போனில் விளம்பரம் வந்த ஒரு பொடிக்கு ஆர்டர் போட்டான். கறுப்புப் பையில், சிங்கப் படமும் சட்டையில்லாத ஒருத்தன் படமும் போட்டு வந்தது. இந்தப் பையை வீட்டில் எங்கே வைப்பது? எட்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை இருக்கிற வீடு. பையைக் கிழித்து வாடிக் குப்பையில் போட்டுவிட்டு, பொடியைத் தினத்தந்தியில் கொட்டி மடித்து, மரத்துக்குச் சீட்டுக் கட்டுகிற நீலக் கயிற்றால் கட்டி, பரணில் கல்யாணத்துக்கு வந்த பெரிய குத்துப்போணிப் பாத்திரத்துக்குள் இறக்கினான். பழுப்பு நிறம். மண் வாசம். சில நேரம் அவனுக்கே சந்தேகம், வாடியில் விழுகிற மரத்தூளை வறுத்துப் பொட்டலம் போட்டு எவனும் அனுப்பிவிட்டானோ. தேக்குத் தூளும் இப்படித்தான் இருக்கும். ஆனால் மரத்தூளுக்கு நெஞ்சு இப்படி அடிக்காதே. முதுகில் பரு கிளம்பாதே. சுள்ளென்று கோபம் வராதே. போன வாரம் ஒன்றுமில்லாததற்கு ஆவுடையின் மேல் தட்டை விசிறினான். தட்டு அவள் மேல் படவில்லை. அவள் அழவும் இல்லை. சிதறிய மீல் மேக்கரைப் பொறுக்கிக்கொண்டே அவனை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை நினைத்து நாயகம் மீதி முட்டையை இலையிலேயே திரும்ப வைத்தான்.

மீல் மேக்கர். அதுவும் ஆகாது, சோயா. அதை வாரம் தவறாமல் செய்கிறாள். புறவாசலில் உடைந்த வாளியில் மண் போட்டுப் புதினா நட்டு வைத்திருக்கிறாள், அவன் நெஞ்செரிச்சல் என்று ஒரு தடவை சொன்னதற்காக. அவன் சொன்னதற்காகத்தானா? இரண்டு வாரமாக இன்னொரு விஷயம் உறுத்துகிறது. காலையில் டீ போடுவது அவன் வேலை. கல்யாணத்துக்குப் பிறகு அவன் விடாமல் செய்கிற ஒரே நல்ல காரியம் என்று ஆவுடையே சொல்லிச் சிரிப்பாள். அவளுக்கு டீ, தனக்குப் பாலில் பொடி. எல்லோரும் எழுந்திருப்பதற்குள் பொட்டலத்தை இறக்கி, ஒரு கரண்டி கலக்கிக் குடித்துவிட்டு, திரும்பவும் ஏற்றிவிட வேண்டும். அன்றைக்கு இரண்டு டம்ளரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பொட்டலம் விரிந்து கிடந்தது, அவன் கலக்கிக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்த்தால் நிலைப்படியில் ஆவுடை. எவ்வளவு நேரமாக நின்றாளோ. அவன் பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, மற்ற கையால் டீ டம்ளரை நீட்டி, "இந்தா, குடி" என்றான். குரல் ஏனோ கொஞ்சம் உரக்க வந்துவிட்டது. அவள் வாங்கினாள். வாங்கிக்கொண்டு புறவாசலுக்குப் போனாள். அதிலிருந்து தினமும் டம்ளரோடு புறவாசலுக்குத்தான் போகிறாள். முந்தாநாள் பார்த்தான், புதினா வாளியில் மண்ணெல்லாம் டீத்தூள் நிறம், செடி பாதி கருகிப்போய் நிற்கிறது. ஊற்றுகிறாள். அவன் போட்டுக் கொடுக்கிற டீயை அந்தப் புதினாவுக்கு ஊற்றுகிறாள். என் கையால் போட்ட டீகூட ஆகாமல் போய்விட்டதா இவளுக்கு? அவ்வளவு அருவருப்பா? மனசு எங்கேயோ போய்விட்டால்தான் ஒருத்திக்கு இப்படிக் கையே ஆகாமல் போகும். போனைக் கவிழ்த்து வைக்கிறாள், அக்காவிடம் குசுகுசு என்று பேசுகிறாள். கேட்டால், பிள்ளைக்கு லீவுதானே, சுரண்டையில் பெரியம்மா வீட்டில் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்கிறாள். பிள்ளையை ஏன் அனுப்பினாள்? இன்றைக்குக் காலையில் கட்டிலுக்கடியில் ஒரு பேக் இருந்தது, ஜிப் வெடிக்கிற மாதிரி புடைத்துக்கொண்டு. துவைக்கப் போடுகிற துணி என்றாள். துவைக்கிற துணியை யாராவது ஜிப் போட்டு வைப்பார்களா? கேட்டிருக்க வேண்டும். கேட்டால் சொல்லிவிடுவாளோ என்று பயந்துதான் கேட்கவில்லை. அவள் போய்விட்டால்? பொடி, முட்டை, பச்சைத்தண்ணிக் குளியல், எல்லாம் அவள் போகக்கூடாது என்பதற்குத்தானே. அவள் போய்விட்டால் இந்த லெவலை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்?

"திங்கலன்னா இங்கிட்டுத் தாயேன்டே அந்த டப்பாவ," என்றார் அண்ணாச்சி. "வாசம் ஆளைத் தூக்குது." "உங்களுக்கும் வாசம் அடிக்கா?" "என் துவையல் வாசந்தான். உன் டப்பாவ நீ இன்னும் தொறக்கவே இல்லையே." நாயகம் டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். கனமாகத்தான் இருந்தது. ஆவுடை எப்போதும் அமுக்கி அமுக்கித்தான் வைப்பாள். சாப்பாட்டு விஷயத்தில் அவளுக்கு ஏகப்பட்ட கெடுபிடி. அடுத்தவர் வீட்டில் கை நனைக்க மாட்டாள். கல்யாண வீட்டில் யாராவது தெரியாத பொம்பளை லட்டு நீட்டினால் வாங்கி முந்தியில் முடிந்து, வருகிற வழியில் காக்காய்க்குப் போடுவாள். அவள் சித்தப்பாவுக்கு எவளோ சோற்றில் மருந்து வைத்துவிட்டாளாம். வசியத்துக்கு வைக்கிற இடுமருந்து. ஆள் அப்படியே மாறிப்போய், கட்டின பெண்டாட்டி மேல் எரிந்து விழுந்து, உடம்பு உருகிச் செத்தாராம். சாவதற்கு முன்னால் மருந்து எடுக்கிறவரிடம் கூட்டிப்போய் எடுத்தபோது இலையில் பழுப்பாக ஒரு உருண்டை விழுந்ததாம், சின்ன வயதில் கண்ணால் பார்த்தேன் என்பாள். கல்யாணமான புதிதில் இதைக் கேட்டு நாயகம் சிரித்துவிட்டான். ரெண்டு நாள் பேசாமல் இருந்தாள். அதெல்லாம் இப்போது எதற்கு ஞாபகம் வருகிறது. போன் அடித்தது. ஆவுடைதான். தினமும் இந்த நேரத்துக்கு வருகிற போன், தினமும் கேட்கிற கேள்வி. எடுக்கும்போதே அவன் கை டப்பாவின் மேல் இருந்தது.

"சாப்ட்டீயளா?"

"சாப்ட்டாச்சு."

"எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு. புதினா கொஞ்சம் தூக்கல்."

போனில் அவளுக்குப் பின்னால் என்னவோ இரைச்சல், ஹாரன் சத்தம், யாரோ வெள்ளரிப்பிஞ்சு விற்கிற குரல். வீட்டுக்குள் ஏது வெள்ளரிப்பிஞ்சு?

"எங்க இருக்க நீ?" என்றான்.

"பரவால்ல," என்றாள் ஆவுடை. போனை வைத்துவிட்டாள்.

பரவால்ல. இது எந்தப் பரவால்ல? அன்றைக்குச் சொன்னதுக்கும் இதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம் இருந்தது, அது இப்போதுதான் தெரிந்தது. அன்றைக்கு அவள் திரும்பிப் படுத்துக்கொண்டு சொன்னபோது ஒரு கை பின்னால் வந்து அவன் கையைத் தேடிப் பிடித்திருந்தது. தூங்கும் வரை பிடித்திருந்தது. அதை எப்படி மறந்தான்? சொல்லை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு கையை எங்கே தொலைத்தான்? இன்றைய பரவால்லயில் கையே இல்லை. அவன் அவசர அவசரமாகப் பச்சை மூடியைப் பிரித்தான், நகம் மடங்கிக்கொண்டது. சோறு இல்லை. புதினா இல்லை, வாசமும் இல்லை. தினத்தந்திப் பொட்டலம் இருந்தது, நீலக் கயிறு கட்டி, அவன் போட்ட அதே முடிச்சோடு. பக்கத்தில் ஒரு கரண்டி. அவ்வளவுதான் அவள் இன்றைக்குக் கட்டிக் கொடுத்த சாப்பாடு. கொஞ்ச நேரம் அவனுக்கு ஒன்றும் ஓடவில்லை. பிறகு ஒவ்வொன்றாக ஓடியது. இருட்டு அடுப்பங்கரை, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு டம்ளர், பழுப்புப் பொடி, முதுகுக்குப் பின்னால் மறைத்த கை. இந்தா, குடி. சித்தப்பா. இலையில் விழுந்த உருண்டை. கருகின புதினா. சிங்கப் படத்தோடு அந்தப் பையை வைத்திருந்தால் அவள் பார்த்துவிட்டுச் சிரித்திருப்பாள். மானம் போயிருக்கும், போகட்டும், வேறு ஒன்றும் ஆகியிருக்காது. மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று பையைக் கிழித்துப்போட்டான் மடையன், பொடி பேர் இல்லாத பொடியாகிவிட்டது. பேர் இல்லாத பொடியைப் பரணில் ஒளித்து வைத்து, விடியுமுன் எழுந்து, பெண்டாட்டி டம்ளருக்குப் பக்கத்தில் கலக்குகிற புருஷனை அவள் வேறு என்னவென்று நினைப்பாள்? பிள்ளையை அனுப்பினாளே, அது இதற்குத்தான். என்னிடமிருந்து என் பிள்ளையைக் காப்பாற்றி அனுப்பியிருக்கிறாள். போனை எடுத்தான். மணி போய்க்கொண்டே இருந்தது. எடு தாயி, எடு.

எடுத்தாள். கண்டக்டர் ஒருத்தர் சுரண்டை, சுரண்டை என்று கத்திக்கொண்டிருந்தது மட்டும் கேட்டது.

"ஆவுடை, அது மருந்து இல்ல."

"சித்தப்பாவுக்கு வச்சவளும் மருந்து இல்லன்னுதான் சொன்னா." குரல் அழுது முடித்த குரல். "எனக்கு எதுக்குங்க மருந்து வக்கீய? நான் எங்கயும் போவலயே. உங்களத் தவிர நான் யாரப் பாத்தேன்?"

"உனக்கு இல்ல. அது எனக்கு."

"உங்களுக்கு என்ன?"

தாவீது அண்ணாச்சி மெல்லுவதை நிறுத்திவிட்டார். அந்தப் பக்கம் பட்டறைக்காரர்கள் இரண்டு பேர் சாப்பாட்டில் கையை வைத்தபடி இங்கேயே பார்த்தார்கள். வாள் மிஷின் ஓடினாலாவது பரவாயில்லை, பாழாய்ப்போன அமைதி. வெளியே போய்ப் பேசலாம். வெளியே போவதற்குள் அவள் வைத்துவிட்டால், பஸ் எடுத்துவிட்டால்? நாயகம் கண்ணை மூடிக்கொண்டான்.

"ஆம்பிளைத்தனத்துக்கு," என்றான். "ஆன்லைன்ல வாங்கினது. அன்னைக்கு நீ பரவால்லன்னு சொன்னேல்ல. அதுக்கப்புறம் வாங்கினேன். சோறெல்லாம் மாடக்கண்ணுக்குக் குடுத்திட்டேன். புதினா ஆகாதுன்னு போன்ல ஒருத்தன் சொன்னான்."

வாடியில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட அவன் காதில் விழுந்திருக்காது.

"சத்தியமா?"

"பிள்ள மேல சத்தியமா."

"பிள்ள மேல வக்காதீய." கொஞ்ச நேரம் பஸ் உறுமுகிற சத்தம். "அப்படின்னா அதுல ஒரு கரண்டி இப்ப வாயில போடுங்க. நான் லைன்ல இருக்கேன். கேட்டுட்டு இருக்கேன்."

நெஞ்சு படபடவென்று அடிக்க வைக்கிற பொடி. பாலில் ஒரு கரண்டிக்கே அடிக்கிறது. மரத்தூளோ, மாத்திரைத் தூளோ, எந்தப் பாவி எதைக் கலந்தானோ. இத்தனை நாளும் புதினாவைச் சந்தேகப்பட்டான், டப்பாவைச் சந்தேகப்பட்டான், கட்டினவளைச் சந்தேகப்பட்டான். முகம் தெரியாதவன் அனுப்பிய இதை மட்டும் நம்பி நம்பிக் குடித்தான். முடிச்சை அவிழ்க்க வரவில்லை, பல்லால் கடித்து அறுத்தான். கரண்டி நிறைய அள்ளி வாயில் போட்டான். நாக்கு, அண்ணம், பல்லிடுக்கு எல்லாம் மண்ணாக ஒட்டிக்கொண்டது. கசந்தது. மூச்சு இழுத்ததும் தூள் தொண்டைக்குள் ஏறி இருமல் வெடித்தது. கணக்கு மேசை, கால்குலேட்டர், பச்சை மூடி எல்லாவற்றின் மேலும் பழுப்பாகத் தெறித்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. போனைக் காதிலிருந்து எடுக்காமல் இருமினான், இருமிக்கொண்டே விழுங்கினான். அண்ணாச்சி பதறி எழுந்து தன் தண்ணீர் பாட்டிலை அவன் கையில் திணித்தார். பிளாஸ்டிக் பாட்டில், காலையிலிருந்து வெயிலில் கிடந்தது, தொட்டால் வெதுவெது என்று இருந்தது.

போனுக்குள் கண்டக்டர் குரல் கிட்டத்தில் கேட்டது. "ஏறுதியாம்மா, இல்லையா? வண்டி எடுக்கணும்."

இருமலை அடக்கிக்கொண்டு காதைப் போனோடு அழுத்தினான். அவள் மூச்சு விடுவது கேட்டது.

"நீங்க போங்கண்ணே," என்றாள் ஆவுடை.

பஸ் கிளம்புகிற சத்தம் வந்து, பெரிசாகி, தேய்ந்தது. வெள்ளரிப்பிஞ்சுக்காரர் அதே இடத்தில் விற்றுக்கொண்டிருந்தார்.

"தண்ணி குடிச்சீயளா?" என்றாள்.

குடிச்சாச்சு என்று சொல்லத்தான் வாய் வந்தது. பழக்கம். நாயகம் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தான்.

"இன்னும் இல்ல," என்றான். "இனிமேதான்."